நாற்பத்தேழாம் நம்பர்

நான் இங்கிலீஷில் இரண்டே இரண்டு பொய்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட காலைகளில் மட்டும் எங்கள் பெரியப்பாவை நாலு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அதெல்லாம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, பெரியப்பாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். இங்கிலீஷில் எழுதிய முதல் பொய்தான் ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்கியது. அதை எழுத எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்டு, "வீட்ல உக்காந்து டிவி பாக்கறதுக்கு ஷூ கம்பெனிக்காவது போ" என்று அம்மா கத்தியதால் போன வேலை. தையல் லைனின் கடைசியில் ஒரு மேஜை, தலைக்கு நேர் மேலே டியூப்லைட். ஷூவில் அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் தைத்து முடிக்கிற மேல்தோல் பாகத்தை அப்பர் என்போம். அந்த அப்பர்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, நூல் நழுவியிருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலது பக்கமும் கெட்டதை இடது பக்கமும் வைக்க வேண்டும். ஒவ்வொரு அப்பருக்குள்ளும் தைத்தவரின் நம்பர் குத்தியிருக்கும். பெயருக்கு அங்கே வேலை இல்லை.

நாற்பத்தேழு என்று குத்திய அப்பர் வந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. பார்க்கத் தேவையே இருக்காது. ஆனாலும் பார்ப்பேன், பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக. அந்த நம்பர் மாதனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்காவுடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார், பதிலுக்கு என் டிபன் டப்பாவில் பாதியைக் காலி செய்வார். அவர் வீட்டுக்காரர் தோல் ஷெட்டில் வேலை பார்த்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். ஒரே பெண். வேலூரில் நர்சிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மொத்த உலகமும் அந்தப் பெண்ணின் படிப்பு. "இன்னும் மூணு வருசம் பாப்பா. என் கண்ணும் இந்த மிசினும் மூணு வருசம் தாங்கிட்டா போதும். அப்பறம் எது போனாலும் எனக்குக் கவல இல்ல" என்பார். வாரத்தில் நாலு நாள் இதே பேச்சு. "போதும்க்கா, மனப்பாடம் ஆயிடுச்சு" என்று நான் கிண்டல் செய்தாலும் நிறுத்த மாட்டார்.

அப்போது எங்கள் லைனில் ஓடியது முழுக்கக் கிரீஸ் நாட்டு ஆர்டர். அங்கே பல ஊர்களில் கடை வைத்திருந்த ஒரு கம்பெனிக்குப் பெண்கள் ஷூ. முன்பக்கத்தில் இரட்டை வரியாக ஒரு வளைவுத் தையல் வரும். மற்றவர்கள் அந்த வளைவில் மிஷினை இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தித் திருப்பித்தான் தைப்பார்கள். அக்கா நிறுத்தவே மாட்டார்.

அந்தக் கம்பெனியின் ஆளாக ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவை சரக்கைப் பார்க்க வருவார். நாங்கள் அவரைக் கிரீஸ்காரர் என்போம். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வெள்ளைக்காரர் என்று எதிர்பார்த்து லைனே எட்டிப் பார்த்தது. பார்த்தால் நம் பஜாரில் கடை வைத்திருக்கிற பாய் மாதிரி மாநிறம், அடர்த்தியான மீசை. மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஏசி ரூமில் தட்டு வரவழைத்துச் சாப்பிடுவார்கள். இவர் கேன்டீனுக்கு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். தனியாகச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது என்றார். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், அவருக்கும் கொஞ்சம்தான் வரும். அதனால் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

முதல் தடவை வந்தபோது அவர் அக்காவின் மிஷினுக்குப் பின்னால் போய் நின்று ஒரு வளைவு முழுவதையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "இந்த அம்மா எங்கள் ஊரில் இருந்திருந்தால் நான் வேலை கொடுத்திருப்பேன். என் பட்டறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது எனக்கே ஒருத்தன் வேலை கொடுத்திருக்கிறான்" என்றார். அக்காவிடம் தமிழில் சொன்னேன். அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "அடச்சீ, சும்மா இருக்கச் சொல்லு" என்றார். ஆனால் அன்று டார்கெட்டுக்கு மேல் இருபது ஜோடி தைத்தார்.

அடுத்த தடவை வந்தபோது ஆள் இளைத்துப் போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. "இன்னா பாப்பா, பாதி ஆளா வந்துகீறாரு? இன்னான்னு கேளு" என்று அக்கா என்னை இடித்தார். அந்தச் சமயம் டிவியில் அவர்கள் ஊர் ஏடிஎம் வரிசைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டு, பேங்குகளைப் பூட்டிவைத்திருந்தார்கள். நாங்கள் அதை வேடிக்கை மாதிரி பார்த்தோம். ஐரோப்பாவில் போய் வரிசையா என்று ஒரு அல்ப சந்தோஷம்.

நான் கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். பணக்கார நாடுகளோடு சேர்ந்து தன் நாடும் ஒரே நோட்டுக்கு மாறியதாம். அதுவரைக்கும் அவர்களை நம்பிக் கடன் கொடுக்காதவர்கள் எல்லாம், இனி பயமில்லை என்று கம்மி வட்டிக்கு வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார்களாம். கவர்மென்ட் வாங்கியது, வாங்கியதை மறைத்து எழுதியது. பெரிய ஆட்கள் வரி கட்டவில்லை. கொடுத்த பேங்க்காரர்களுக்கும் உள்விவகாரம் தெரியும், வட்டி வருகிறவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு உலகத்தில் வேறெங்கோ பேங்குகள் விழுந்தவுடன் எல்லாருக்கும் பயம் வந்து ஒரே நாளில் கையை மூடிக்கொண்டார்கள். பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் கொடுத்தார்கள். பென்ஷனைக் குறை, சம்பளத்தைக் குறை, வரியை ஏற்று, அப்போதுதான் தருவோம் என்றார்கள்.

ஒவ்வொரு வாக்கியமாக நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியிலேயே, "இரு இரு. இது நம்ம குழு லோன் ஆச்சே!" என்றார்.

எங்கள் பக்கத்தில் குழு லோன் வாங்காத வீடு அபூர்வம். பத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மாடி வீட்டுக்காரியும் ஓலை வீட்டுக்காரியும் ஒரே தொகை, ஒரே தவணை. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து அவள் பங்கைக் கட்ட வேண்டும். ஓலை வீட்டுக்காரியால் முடியாது என்று பைக்கில் வருகிற லோன்காரனுக்கும் தெரியும், குழுத் தலைவிக்கும் தெரியும். பத்துப் பேர் கணக்கு வர வேண்டுமே, அதனால் சேர்த்துக்கொள்வார்கள். அவள் தவறினால் இன்னொரு ஃபைனான்ஸ் கம்பெனியில் இன்னொரு குழு லோன் எடுத்து இதைக் கட்டுவாள். அக்காவே அப்படி இரண்டு குழுவில் இருந்தார், இரண்டும் பெண்ணின் காலேஜுக்காக. இதையெல்லாம் நான் கிரீஸ்காரருக்குச் சொன்னேன்.

"கட்ட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"இன்னா பண்ணுவோம்? ஒம்போது பேரும் போயி அவ வாசல்ல உக்காந்துக்குவோம். கட்டற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம். நானே போயி உக்காந்துகீறேன்" என்றார் அக்கா. பிறகு சத்தம் குறைந்தது. "பாவம்தான். ஆனா நாம கட்டணுமே."

கிரீஸ்காரர் தலையை ஆட்டினார். "எங்கள் வாசலிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். அவர் அம்மாவின் பென்ஷனைப் பாதியாக்கிவிட்டார்கள். இன்ஜினியரிங் படித்த மகன் வேறு நாட்டில் ஹோட்டல் பாத்திரம் கழுவுகிறான். தன்னோடு தொழில் கற்றுக்கொண்ட சிநேகிதன் ஒருத்தன் கடையைப் பூட்டிய அன்றே உயிரை விட்டுவிட்டான். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னார். "பணக்கார நாட்டுப் பேப்பரில் எங்களைச் சோம்பேறி என்று எழுதுகிறார்கள். பதினாலு வயசிலிருந்து நான் தோல் தைக்கிறேன்" என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அக்கா தன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "துன்னச் சொல்லு. ஆளு செத்துறப் போறாரு" என்றார். அவர் அத்தனையும் சாப்பிட்டார்.

அந்தப் பயணத்தில் அவர் பாஸ் செய்த சரக்குதான் கன்டெய்னரில் ஏறியது. கப்பல் போய் அவர்கள் துறைமுகத்தில் சரக்கு இறங்கிய பிறகு ஒரு மெயில் வந்தது. வளைவுத் தையல் சரியில்லை, எல்லா ஜோடியும் கேள்விக்குரியது, விலையைப் பாதியாகக் குறைத்தால்தான் எடுப்போம், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே கிடக்கட்டும் என்று. கூடவே நாலு போட்டோ. அந்தப் போட்டோக்களை மானேஜர் ரூம் கம்ப்யூட்டரில் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம். நான் பார்த்து வலது பக்கம் வைத்த சரக்கு அது. மெயிலின் அடியில் கிரீஸ்காரரின் கையெழுத்து இருந்ததைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

வீட்டுக்குப் போனதும் என் போனிலிருந்து அவருக்கு எழுதினேன்: என்ன பிசகைக் கண்டீர்கள்? மறுநாள் பதில் வந்தது. நாலே வரி. ஷூவில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்க் விடவில்லை, விட்டாலும் முதலாளியிடம் பணம் இல்லை. குறை கண்டுபிடித்து எழுது, இல்லாவிட்டால் நீ கிளம்பு என்றார். நான் எழுதிவிட்டேன், மன்னித்துவிடு.

அதை மானேஜரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "தெரியும்மா. எனக்குத் தெரியாதா? இப்ப இன்னா பண்ணலாம்ன்ற? சரக்கத் திருப்பி இட்டாந்தா கப்பல் காசு நம்ம தலைல. அவன் பேரு அடிச்ச ஷூவ வேற எவன் வாங்குவான்? நம்ம தப்புதான்னு எழுதிக் குடுத்தா பாதி ரேட்டுக்காவது எடுத்துப்பான். அடுத்த ஆர்டரும் நிக்கும். இல்லன்னா உன் லைனே நின்னுடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது யோசித்தாலும் முடியாது. அவர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஃபாரம் உண்டு. குறை என்ன, எதனால் வந்தது, யாரால் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "உனக்குதான் இங்கிலீஷ் வருதே, எழுதிடு. ஆபரேட்டர் நம்பர்னு ஒண்ணு கேக்கறான். எதனா ஒரு நம்பர் போடு. பேப்பருக்குதான்மா, யாரையும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்றார்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்த யோசனையை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது. புதிதாக வந்த பெண்களின் நம்பரைப் போட்டால் யாராவது பார்த்து அவர்களை உடனே அனுப்பிவிடுவார்கள். ஏற்கனவே திட்டு வாங்குகிறவர்களின் நம்பரைப் போட்டால் அதுவே சாக்காகிவிடும். லைனில் யாருடைய வேலையை யாராலும் அசைக்க முடியாது? யார் பெயரைச் சொன்னால் மானேஜரே சிரித்துவிடுவார்? நாற்பத்தேழு. அக்கா பிசகு செய்தார் என்று எழுதினால் நம்புவதற்கு ஆளே இல்லை, அதனால் அதுதான் பத்திரம் என்று முடிவு செய்தேன். பெரிய புத்திசாலி நான்! யாரால் என்ற கட்டத்தில் நாற்பத்தேழு என்று எழுதினேன். நடவடிக்கை என்ற கட்டத்தில், ஆபரேட்டர் எச்சரிக்கப்பட்டார் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து. மானேஜர் பார்த்துவிட்டு, "இவங்க நம்பரயா போட்ட?" என்று சிரிக்கத்தான் செய்தார். சிரித்துக்கொண்டே அவரும் கையெழுத்துப் போட்டார்.

அக்காவிடம் சொல்லவில்லை. பேப்பருக்குத்தானே.

பாதி விலையும் வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கடைக் கம்பெனியே மூழ்கிவிட்டது. எங்கள் சரக்கு எங்கோ ஒரு குடோனில் கிடந்தது, அடுத்த சீசன் ஆர்டர் மொத்தமும் போனது. எங்கள் லைனும் பக்கத்து லைனும் நின்றன. மிஷின்களுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினார்கள். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். "நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? நான் பதினோரு வருசம். என்ன எடுக்கணும்னா பாதி கம்பெனிய எடுக்கணும்" என்று அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஆபீஸ்காரர்களின் கணக்கு வேறு மாதிரி. ஆர்டர் இல்லை என்று ஒருவரை அனுப்பினால் எத்தனை வருஷ வேலை என்று பார்த்து நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தப்பு செய்தார் என்று அனுப்பினால் அது வேண்டாம். அதனால் யார் ஃபைலில் தப்பு இருக்கிறது என்று தேடினார்கள். வருஷம் அதிகமானவர்களின் ஃபைலைத்தான் முதலில் எடுத்தார்கள். அக்காவின் ஃபைலில் ஒரே ஒரு காகிதம் இருந்தது. ஒரு வெளிநாட்டு ஆர்டரே நாசமானதற்குக் காரணம் இந்த ஆபரேட்டர் என்று இங்கிலீஷில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட காகிதம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. "என் தையல்ல பிசகாமே பாப்பா. என்னாலதான் ஆர்டரே பூடுச்சாம். பேப்பர் காட்றாங்க. இங்கிலீசுல கீது, எனக்கு இன்னா தெரியும்? என் நம்பரு மட்டும் தெரிஞ்சுது" என்றார். "அந்தாளுதான். கிரீஸ்காரன். என் சோத்தத் துன்னுட்டு என் வயித்துல அடிச்சுட்டான் பாவி. அவன் நல்லாயிருப்பானா?" என்று கையை உதறினார். இல்லைக்கா, அவர் இல்லை, நான்தான் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. செக்யூரிட்டி வந்து, கிளம்பும்மா என்று அவரை அழைத்துக்கொண்டு போனான்.

மானேஜரிடம் ஓடினேன். "சார், பேப்பருக்குன்னு சொன்னீங்களே!" அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "நான் ஆபீஸ்ல சொல்லிப் பாத்தேன்மா. ரெண்டு பேர் கையெழுத்து கீதே, இப்ப பொய்னா ரெண்டு பேரும் போவோம்ன்றாங்க. நீ போறியா? எனக்கு ரெண்டு பசங்க" என்றார். நான் திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரே லைனின் அப்பர்களை என் மேஜையில் கொண்டுவந்து போட்டார்கள். சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கே போய் வேலை கேட்டாலும் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். அக்கா நாலு இடத்தில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டினார். தையலைப் பார்த்து எல்லாரும் சரி என்றார்கள். போன் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாரும் அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். ஆர்டர் கெடுத்தவர் என்றால் யார் எடுப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, "பாப்பா, ஒரு லெட்டர் எழுதிக் குடு. என் வேலைய டெய்லி பாத்தவ நீதான். இந்தம்மா கைல பிசகு கெடையாது, அந்தக் காகிதம் தப்புன்னு இங்கிலீசுல எழுதி உன் கையெழுத்துப் போடு. செக்கிங்ல கீற பொண்ணு சொன்னா நம்புவாங்க. ரெண்டாம் வருசத்துக்கு பீஸ் கட்டணும். அதுக்குள்ள நான் ஒரு எடத்துல உக்காந்துடணும், இல்லன்னா பொண்ண நிறுத்திடுவாங்க" என்றார்.

"பாக்கறேன்க்கா" என்றேன்.

அன்று ராத்திரியே எழுதினேன். நல்ல லெட்டர். மூன்று தடவை திருத்தி எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் சொன்னது யாரென்று குழந்தைக்கும் தெரியும். என் வேலை போகும், எனக்கும் இந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடைக்காது. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், பெண் வேலைக்குப் போகிறாள் என்பதால்தான் மாப்பிள்ளை வீட்டார் சரி என்றிருந்தார்கள். காரணம் ஆயிரம் சொல்லலாம். பயந்தாங்கொள்ளி நான், அவ்வளவுதான். லெட்டரைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

அக்கா போன் செய்தார். "நாளைக்குத் தர்றேன்க்கா" என்றேன். அடுத்த வாரம் செய்தார். "மானேஜர் சார் ஊர்ல இல்லக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர் பெயர் போனில் வந்தால் எடுக்காமல் அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் போன் வருவது நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை எழுதாமல் இருக்க முடியாது. அப்பாடா என்றுதான் இருந்தது.

மீதியெல்லாம் பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். இரண்டு குழுவின் பெண்களும் அக்கா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அதில் சிலர் எங்கள் கம்பெனிக்காரிகள். பஸ்ஸில் அக்கா இடம் பிடித்துக் கொடுத்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அக்கா மிக்ஸியை விற்றார், கம்மலை விற்றார். பெண் காலேஜை விட்டு நின்றாள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தாள். அவள் ஃபைல் சுத்தமாக இருந்ததே, எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அக்கா நெமிலிப் பக்கம் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார், நடவு வேலைக்குப் போகிறார் என்றார்கள்.

அதே வருஷக் கடைசியில் கிரீஸ்காரர் மெயில் அனுப்பினார். அவரையும் அனுப்பிவிட்டார்களாம். முதலாளி ஓடிப்போய்விட்டார், கடைசி ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை, கிராமத்தில் என் சகோதரி வீட்டில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் கேட்டிருந்தார்: சாதம் கொடுத்த அந்த அம்மா எப்படி இருக்கிறார்? நன்றாக இருக்கிறார், உங்களை விசாரித்தார் என்று பதில் எழுதினேன். இது இரண்டாவது பொய்.

நான் இப்போது வேறு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சம்பளம் பரவாயில்லை. ஃபாரத்தில் யாரால் என்ற கட்டம் இன்னமும் இருக்கிறது. என் நம்பரைப் போடுகிறேன், செக்கிங் பிழை என்று. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இப்போது என்னை அசைப்பது கஷ்டம், அதனால் செய்கிறேன்.

போன வருஷம் அரக்கோணம் ஸ்டேஷனில் காட்பாடி வண்டிக்குக் காத்திருந்தேன். பெஞ்சின் மறுமுனையில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. கறுத்து, முடி வெளுத்து. எழுந்து போய்விடலாமா என்று ஒரு வினாடி தோன்றியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, நல்லா கீறியா? கொழந்தைங்க எத்தினி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சொன்னேன். பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "கட்டிக் குடுத்துட்டேன். இன்னும் கம்பெனிக்குத்தான் போறா. அவளும் நல்லா தெய்ப்பா" என்றார்.

அக்கா பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு அவர்தான் சொன்னார். "ஒண்ணு கேக்கணும் உன்ன. எழுத முடியாதுக்கான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற யாரனா பாத்திருப்பேன். நீ பாக்கறேன்னு சொன்ன. நீ குடுப்பேன்னு நான் மூணு மாசம் உக்காந்துகினு இருந்தேன். காலேஜ்காரங்ககிட்ட போயி, லெட்டர் வருது சார், வேல வந்துடும் சார்னு தவணை கேட்டுகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பிளாட்பாரத்தில் நாலு பேர் பார்க்க அழுதேன். "அக்கா, அந்தக் காகிதத்த எழுதனது நான். கிரீஸ்காரர் இல்லக்கா. சரக்குல ஒரு கொறையும் இல்ல. எதனா ஒரு நம்பர் போடுன்னாங்க. உங்க நம்பர நான்தான் போட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். ஒலிபெருக்கியில் வண்டி வரும் அறிவிப்பு ஒலித்தது.

"ஏன் என் நம்பரு?"

"உங்களமாதிரி தெக்கறவங்க அங்க யாருமே இல்லக்கா. உங்கள யாரும் தொட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சுமாரா தெச்சிருக்கணும்" என்றார்.

வண்டி வந்து நின்றது. பையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினேன். "வேணாம் வுடு" என்று சொல்லிவிட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டி வரைக்கும் நடந்து போய் ஏறினார்.